ஒற்றைப் பார்வையாளர் உரிமம்

ஆலைக்கு எந்த மென்பொருள் உரிமத் திட்டத்தை வாங்குவது என்று முடிவெடுக்கும் பொறுப்பை முதலாளி தரணிதரன் தன்னிடம் விட்டபோது, கோகிலவாணி அதைத் தனக்குக் கிடைத்த மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டாள். படிப்பு முடித்த கையோடு கணக்குப் பிரிவில் தட்டச்சு செய்யச் சேர்ந்தவள். இன்றைக்குக் கணினி சம்பந்தப்பட்ட எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. இருந்தாலும், ஆலையையே புரட்டிப் போடக்கூடிய ஒரு விஷயத்தில் ‘நீ சொல்றதுதான்’ என்று அவர் சொன்னது அதுவே முதல் முறை.

கோயம்புத்தூருக்கு வெளியே, அவிநாசிச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த இரும்பு வார்ப்பு ஆலை. பம்புகளுக்கும் டிராக்டர்களுக்கும் வேண்டிய பாகங்களை மணல் அச்சில் ஊற்றி வார்த்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். உருகிய இரும்பை ஊற்றும் வேலைக்கு இயந்திரக் கைகள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால், வார்த்தெடுத்த பாகத்தின் பிசிறுகளைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்தெடுக்கும் வேலையை மட்டும் இன்னும் மனிதர்கள்தான் செய்தார்கள். பிசிறு ஒவ்வொரு பாகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத் தேய்க்க இயந்திரத்தைவிட ஆள் மலிவு. பெட்லிங் என்று அந்தப் பிரிவுக்குப் பெயர். உள்ளே போய் வந்தால் புருவத்தில்கூடச் சாம்பல் படிந்துவிடும். மணலும் இரும்பும் கலந்த அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்து நுரையீரலைக் கல்லாக்கிவிடும்.

அதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருள்தான் ‘தெளிவு’. பார்வைக்கு அது மற்ற ஆலைகளில் இருக்கிற டேஷ்போர்டு மாதிரிதான் இருந்தது. இன்றைய உற்பத்தி எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, எந்த லாரி எங்கே நிற்கிறது என்று ஒரே திரையில் காட்டும். புதிதாக அதில் ‘ஆள் நலம்’ என்று ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. தொழிலாளியின் முகக்கவசத்தில் ஒரு சின்ன மணி மாதிரிக் கருவியைத் தைத்துவிடுவார்கள். அது அவனுடைய மூச்சையும் இருமலையும் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த டாக்டரும் படம் எடுத்துக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வருஷம் முன்பே, யாருடைய நுரையீரல் கைவிடப்போகிறது என்று அது சொல்லிவிடும். நல்ல நிலையில் இருப்பவன் பெயர் பச்சை. தூசியை விட்டு உடனே விலக வேண்டியவன் பெயர் சிவப்பு. இந்தப் பக்கம் இல்லாத ஆலையிடம் இனிமேல் சரக்கு எடுப்பதில்லை என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

மென்பொருளை விற்க வந்தவன் ஜெரால்டு என்ற இளைஞன். சென்னைக்காரன், பொறுமைசாலி. தெளிவில் மூன்று திட்டங்கள் இருப்பதாகச் சொன்னான். முதலாவது, எல்லோருக்குமான திட்டம்: ஆலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொழிலாளி தன் நிறத்தைத் தன் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, பார்வையாளர் திட்டம்: எத்தனை பேருக்கு உரிமம் வாங்குகிறோமோ அத்தனை பேர் கண்ணுக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் திறக்கும். மூன்றாவது, தொகுப்புத் திட்டம்: பெயரே இருக்காது, மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று மட்டும் காட்டும்.

“பெரும்பாலும் எதை வாங்கறாங்க?” என்று கோகிலவாணி கேட்டாள்.

“பார்வையாளர் திட்டம்தான் மேடம். அதுலயும் ஒத்தை உரிமம். ஒரே ஒருத்தர்.”

“அவ்வளவு பெரிய ஆலைங்க எல்லாமா?”

ஜெரால்டு கொஞ்சம் தயங்கினான். “பார்வைச் சட்டம் இருக்கில்ல மேடம். அதனாலதான்.”

பார்வைச் சட்டத்தைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம் அது. ஒரு தொழிலாளியின் பெயர் சிவப்பில் இருப்பதைப் பார்த்த பிறகும் அவனைக் காப்பாற்ற எதுவும் செய்யாமல் இருந்தால், பார்த்தவர் யாராக இருந்தாலும் ஜெயிலுக்குப் போக வேண்டும். முதலாளிகள் தெரிந்தே கண்ணை மூடிக்கொள்வதைத் தடுப்பதற்காகத்தான் அப்படி எழுதினார்கள். பார்க்காதவர்மேல் குற்றம் இல்லை என்பது அதிலேயே அடங்கியிருப்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. மென்பொருள் விற்பவர்கள் யோசித்தார்கள். பார்வையை ஆள் கணக்கில் விற்கத் தொடங்கினார்கள்.

காதால் கேட்டாலும் பார்த்ததற்குச் சமம்தான் என்று ஜெரால்டு சொன்னான். அதாவது, உரிமம் உள்ளவர் இன்னொருவரிடம் பெயரைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கும் பொறுப்பு வந்துவிடும். தொழிலாளிக்கே சொல்லிவிடலாமே என்று கோகிலவாணி கேட்டாள். சொல்லலாம், ஆனால் தெரிந்த பிறகும் அவன் தூசியில் நின்றால் அவன் சாவுக்கு அவனே பொறுப்பு, குடும்பத்துக்குக் காப்பீடு கிடையாது என்றான்.

அன்றிரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காலையில் தெளிவான முடிவோடு தரணிதரனின் அறைக்குப் போனாள். எல்லோருக்குமான திட்டத்தைத்தான் வாங்க வேண்டும், அவரவர் உயிர் அவரவருக்குத் தெரியட்டும் என்று சொன்னாள்.

தரணிதரன் கெட்டவர் இல்லை. தொழிலாளிகளின் பிள்ளைகள் பெயர்கூட அவருக்குத் தெரியும். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எல்லாரும் பாத்தாங்கன்னா பெட்லிங்ல பாதிப் பேரு மறுநாள் வரமாட்டாங்க கோகிலா. நுரையீரலுக்கு நல்லதுதான். ஆலை மூடிட்டா என்ன பண்ணுவாங்க? பக்கத்து ஆலைக்குப் போவாங்க. அங்க இதைவிடத் தூசி. தூசி உறிஞ்சற மெசினு போடறதுக்கு எனக்கு ரெண்டு வருசம் வேணும். அதுவரைக்கும் ஓட்டியாகணும். நான் எதையும் சொல்லலை. நீயே யோசிச்சு முடிவு பண்ணு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பெயரே இல்லாத தொகுப்புத் திட்டம் அயோக்கியத்தனம் என்று தோன்றியது. எல்லோருக்கும் காட்டினால் ஆலை தாங்காது. ஒருவராவது பார்க்கட்டும். பார்க்கிறவர் நல்லவராக இருந்துவிட்டால், சிவப்பில் இருப்பவர்களைச் சத்தமில்லாமல் ஒவ்வொருவராக வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாம். இரண்டு வருஷம் எப்படியாவது தள்ளிவிடலாம். இப்படி எண்ணி எண்ணி, ஒற்றைப் பார்வையாளர் உரிமத்தில் வந்து நின்றாள். இருப்பதில் மனசாட்சிக்குப் பக்கத்தில் இருப்பது இதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பார்க்கிற ஆள் யார் என்ற கேள்வி வந்தபோது தரணிதரன் அவளைப் பார்த்தார். அவள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “ஆறுச்சாமி அண்ணனைப் போடலாங்க சார்” என்றாள்.

ஆறுச்சாமி வார்ப்பு மேற்பார்வையாளர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்கார்ந்திருந்தவளை ‘இங்க வந்து உக்காருங்க அம்மிணி’ என்று கூப்பிட்டுத் தன் மனைவி கட்டிக்கொடுத்த கொள்ளுப் பருப்பில் பங்கு கொடுத்தவர். இன்றும் யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். யாருக்காவது அடிபட்டால் ஆம்புலன்சுக்கு முன்னால் ஓடுகிற ஆள். அந்த இரக்கத்துக்காகத்தான் அவள் அவரைத் தேர்ந்தெடுத்தாள். பின்னாளில் அவளை அதிகம் வதைத்தது அதுதான்.

ஆறுச்சாமிக்கு ஒரே சந்தோஷம். நல அலுவலர் என்று பதவி. பனிக்கண்ணாடி போட்ட தனி அறை, குளிர்சாதனம். அவருடைய கண்ணைப் படம் பிடித்துத் திரையோடு இணைத்தார்கள். அவர் பார்த்தால் மட்டும் பெயர்கள் தெரியும், வேறு யார் எட்டிப் பார்த்தாலும் திரை கறுத்துவிடும். உரிமத்தின் நிபந்தனைகளைக் கோகிலவாணியே அவருக்கு வாசித்துக் காட்டினாள். கடைசியில் கையெழுத்துப் போடும்போது, “நம்ம பசங்களைப் பாத்துக்கிறதுக்குக் கையெழுத்து எதுக்குங்க” என்று சிரித்தார்.

முதல் நாள் அறைக்குள் போனவர் மதியம்வரை வெளியே வரவில்லை. கேன்டீனில் எப்போதும் பெட்லிங் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர், அன்று தூக்குவாளியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாளும் அப்படித்தான். அவர்களுக்கு எதிரே உட்கார அவரால் முடியவில்லை என்பது கோகிலவாணிக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

ஆனால் வேலையைச் சரியாகச் செய்தார். அந்த வாரமே பெட்லிங்கிலிருந்து சிலரைப் பொருள் கட்டும் பிரிவுக்கு மாற்றினார். காரணம் சொல்லவில்லை. தெரிந்துவிட்டால், என்றைக்காவது அவர்கள் தூசிக்குத் திரும்பும்போது காப்பீடு போய்விடும். மாற்றப்பட்டவர்களுக்குக் கோபம். பெட்லிங்கில் எத்தனை பாகம் தேய்க்கிறார்களோ அதற்கேற்பத் தனி ஊக்கத்தொகை உண்டு, மற்ற இடத்தில் அது இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து ஐந்தாறு வருஷமாக அங்கே இருந்த ரஞ்சன் என்ற பையன் கோகிலவாணியிடமே வந்து முறையிட்டான். தமிழை வேலைத்தளத்திலேயே கற்றுக்கொண்டவன். ஆறுச்சாமியிடம் தான் ஒரு தப்பும் பண்ணவில்லை, எதற்குத் தன்னை ஒதுக்குகிறார் என்று கேட்டான். ஆறுச்சாமிக்கு ஒடிசாக்காரர்களைப் பிடிக்காது என்று ஆட்கள் பேசிக்கொள்வதாகவும் சொன்னான். கோகிலவாணி ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினாள். அவனை ஏன் மாற்றினார் என்று யோசித்துப் பார்க்கவே அவள் பயந்தாள். யோசித்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பொறுப்பு.

இடம் சீக்கிரமே தீர்ந்துபோனது. பொருள் கட்டும் பிரிவில் அதற்குமேல் ஆள் எடுக்க முடியாது. மணல் கலக்கும் இடத்திலும் தூசிதான். ஆறுச்சாமி ஒருவனை வெளியே எடுத்தால் அந்தச் சக்கரத்துக்கு இன்னொருவனை அனுப்ப வேண்டியிருந்தது. அவன் கொஞ்ச நாளில் பச்சையிலிருந்து மாறத் தொடங்குவான். அதையும் அவர்தான் பார்க்க வேண்டும். பெட்லிங்கைச் சில மாதம் நிறுத்திவிட்டுத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் போடுங்கள் என்று முதலாளியிடம் போய்க் கேட்டார். என்ன ஆதாரம், யார் யாருக்கு ஆபத்து என்று முதலாளி கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்று வக்கீல் சொல்லி வைத்திருந்தார். காரணம் தெரியாமல் உற்பத்தியை நிறுத்த முடியாது ஆறுச்சாமி என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு ஒரு நாள் மதியம் ஆறுச்சாமி கோகிலவாணியின் அறைக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

“அம்மிணி, ஒரு பேரைச் சொல்லிட்டுப் போயிரட்டுங்களா? ஒரே ஒரு பேரு. எனக்குத் தாங்கலீங்க.”

கோகிலவாணி எழுந்துவிட்டாள். “அண்ணா, வேண்டாங்ணா. சொல்லாதீங்க.”

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க. கேட்டுக்கிட்டாப் போதும். தெனமும் அவன் வந்து கையெடுத்துக் கும்பிட்டுட்டு உள்ள போறானுங்க. மாத்தறதுக்கு எடமில்லை. அவன்கிட்டயே சொல்லலாம்னா, தெரிஞ்சுதான் வேலை செஞ்சான்னு காப்பீடும் போயிரும். பொண்டாட்டி புள்ளைங்க நடுத்தெருவுலதான் நிக்கோணும். நான் என்ன பண்ணட்டும்? நீங்க படிச்சவுங்க, சொல்லுங்க.”

“எனக்கும் ஒரு பொண்ணு இருக்குங்ணா. பன்னண்டாவது படிக்கிறா. நான் கேட்டுட்டா நானும்…”

அவர் வாயைத் திறந்தார். கோகிலவாணி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். தன்னை அறியாமல் நடந்தது அது, சின்னப் பிள்ளை செய்வதுபோல. ஆறுச்சாமி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பிறகு தலையை ஆட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஆடி முடிந்த கையோடு சின்னராசு இறந்துபோனான். பெட்லிங்கில் அவன் பழைய ஆள். சக்கரத்தின் முன்னால் நின்றவன் அப்படியே மடங்கி உட்கார்ந்தான், மூச்சு திரும்பவே இல்லை. அவனுடைய மனைவி தேவி, ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பெண் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறுச்சாமி அவள் அருகில் போகவில்லை. தள்ளி வேப்பமரத்தடியில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுததை எல்லோரும் பார்த்தார்கள். அதைப் பார்த்துத்தான் தேவிக்கே சந்தேகம் வந்தது. “அவருக்குத் தெரிஞ்சிருக்குதுங்க” என்று போலீசிடம் அவள் சொன்னாள்.

நீதிமன்ற அனுமதியோடு சின்னராசின் பதிவை மட்டும் போலீஸ் திறந்து பார்த்ததில், அவன் பெயர் மூன்று மாதமாகச் சிவப்பில் இருந்தது. அதை எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஆறுச்சாமியின் கண் பார்த்தது என்பதுகூடப் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு நாளும் மற்றப் பெயர்களைவிட அந்தப் பெயரில்தான் அவர் அதிகம் நின்றிருக்கிறார். கவலையில் நின்றாரா, வேறெதற்காவது நின்றாரா என்று திரைக்குத் தெரியாது. அரசு வக்கீல் அதையே அவருக்கு எதிரான பெரிய சாட்சியாக வைத்தார். இவ்வளவு நேரம் பார்த்தவர் ஏன் எதுவும் செய்யவில்லை?

விசாரணை அதிகாரி கோகிலவாணியையும் கூப்பிட்டார். ஆறுச்சாமி உங்களிடம் எந்தப் பெயரையாவது சொன்னாரா என்று கேட்டார்.

“இல்லீங்க சார். எந்தப் பேரையும் சொல்லலை” என்றாள்.

அது உண்மை. சொல்ல வந்தாரா என்று அதிகாரி கேட்கவில்லை. சட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. அவளாகச் சொல்லியிருக்கலாம். வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பி நேராக ஆலைக்குத் திரும்பினாள்.

ஆறுச்சாமியை ஜெயிலில் அடைத்தார்கள். ஆலையில் அவர் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினார்கள். தெரிந்தே சின்னராசைச் சாகவிட்டவர், வேண்டியவர்களை மட்டும் நல்ல இடத்துக்கு மாற்றியவர் என்று பேச்சு. யார் அந்த வேண்டியவர்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சில வாரம் கழித்துத் தரணிதரன் கோகிலவாணியைக் கூப்பிட்டார். அவரும் நொந்துபோயிருந்தார். “நீ மொதல்ல சொன்னதுதான் சரி கோகிலா. ஒருத்தர் தலையில கட்டுனது தப்பு. எல்லாருக்குமான திட்டத்தையே வாங்கிடலாம். நான் ஜெரால்டுகிட்ட பேசிட்டேன். இனி அவனவன் நெலமை அவனவனுக்குத் தெரியட்டும்” என்றார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுச்சாமிக்குச் செய்தது செய்ததுதான், அதற்கு மாற்றில்லை. ஆனால் மிச்சம் இருப்பவர்களாவது பிழைப்பார்கள். யார் யார் பெயர் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், மாற்று வேலைக்கு இடம் பார்க்க வேண்டும். ஊரிலிருக்கும் நெஞ்சுநோய் டாக்டர் ஒருவரிடம் அவளே போய்ப் பேசி வைத்தாள்.

திட்டம் தொடங்கிய நாளில் கேன்டீன் சுவரில் பெரிய திரை மாட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். ஆட்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, அரசுத் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல் நின்றார்கள். திரை ஒளிர்ந்தது. ஒவ்வொரு பெயராக ஏறியது. பச்சை. பச்சை. பச்சை. கடைசிவரை பச்சை. ஒருவன் விசிலடித்தான். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். நான்கு படி ஏறினால் நின்று இளைப்பாறுகிற தண்டபாணியின் பெயரும் பச்சையில் இருந்தது.

கோகிலவாணி அங்கேயே நின்றபடி ஜெரால்டைக் கூப்பிட்டாள். ஏதோ கோளாறு, கருவிகள் சரியாக இணையவில்லை என்றாள்.

“கோளாறு இல்லீங்க மேடம்” என்றான் ஜெரால்டு. அவன் குரலில் முன்பிருந்த விற்பனைக்காரனின் உற்சாகம் இல்லை. “எல்லாருக்குமான திட்டத்துல அளவுகோல் வேற. ஒத்தை உரிமத்துல ஆரோக்கியமான மனுஷனோட நுரையீரலை வச்சு அளப்போம். இதுல அதே தொழில்ல இருக்கிற மத்தவங்களை வச்சு அளப்போம். நாடு முழுக்க இருக்கிற வார்ப்பு ஆலை ஆளுங்களோட சராசரி. அதுக்கு ரொம்பக் கீழ போனாத்தான் சிவப்பு வரும்.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி கெட்டுப் போயிருந்தா?”

“அப்ப அதுதான் மேடம் சராசரி.”

இது சட்டப்படி செல்லுமா என்று கேட்டாள். செல்லும் என்றான். இரண்டு அளவுகோலுக்குமே அரசாங்க ஒப்புதல் உண்டு. எதை எடுத்துக்கொள்வது என்று வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கலாம். ஆரோக்கிய அளவுகோலோடு எல்லோருக்குமான திட்டத்தை இதுவரை எந்த ஆலையும் வாங்கவில்லை. முதலில் தன்னிடம் வந்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“நீங்க கேக்கலை மேடம். எங்கப்பா பல்லாவரத்துல கல்லு ஒடைச்சவரு. அவரு இருந்திருந்தா அவரும் பச்சையிலதான் இருந்திருப்பாரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தரணிதரனிடம் போய்ச் சொன்னாள். பழைய அளவுகோலில் இருந்த பட்டியல் வேண்டும் என்றாள். ஒற்றை உரிமம் முடிந்ததும் அந்தப் பதிவில் சின்னராசின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் அழிந்துவிட்டது என்றார். அது மென்பொருள் கம்பெனியின் விதி, தனிமனித ரகசியம். அவர் அதைச் சொன்னபோது நிம்மதியாக இருந்தாரா, வருத்தமாக இருந்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

ஆக, யார் யார் சாகப்போகிறார்கள் என்பது இப்போது உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அவரைப் பார்க்க கோகிலவாணி ஜெயிலுக்குப் போனாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஆறுச்சாமி வந்து உட்கார்ந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். எல்லோருக்கும் பச்சை காட்டுகிறது, பழைய பதிவு இல்லை, அவருக்கு நினைவிருக்கும் பெயர்களை இப்போது சொல்லுங்கள் என்றாள்.

“நான் கேக்கறனுங்ணா. எல்லாப் பேரையும் கேக்கறேன். எம்மேல கேசு வந்தா வரட்டும்.”

ஆறுச்சாமி நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க அம்மிணி.”

“அண்ணா.”

“வக்கீலு சொல்லிப்போட்டாருங்க. சின்னராசு ஒருத்தன் பேருலதான் கேசு. இன்னொரு பேரை வாயில எடுத்தா, அதையும் பாத்துட்டுச் சும்மா இருந்தன்னு அது ஒரு கேசு. ஒவ்வொரு பேருக்கும் ஒண்ணு. எம்பொண்டாட்டி தனியாக் கெடக்கறா. சாவறதுக்குள்ள ஒரு நாளாவது வீட்டுக்குப் போகோணும்.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அன்னிக்கு நீங்க காதைப் பொத்திக்கிட்டீங்கல்ல. அதுதானுங்க புத்தி. நானும் அப்படியே கண்ணை மூடியிருக்கோணும்.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மனதார, பாராட்டாகச் சொன்னார். கோகிலவாணி எழுந்து வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் அவள் உட்கார்ந்திருந்தபோது இரண்டு மூன்று பஸ்கள் வந்து நின்று போயின.

மறுநாள் காலை வேலை தொடங்கும் நேரத்தில் பெட்லிங் வாசலில் போய் நின்றாள். ஆட்கள் ஒவ்வொருவராக வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் இளைத்திருக்கிறான், யார் மெதுவாக நடக்கிறான் என்று தேடினாள். எல்லோரும் இளைத்துத்தான் இருந்தார்கள். எல்லோரும் இருமத்தான் செய்தார்கள்.

கூட்டத்தின் பின்னால் ரஞ்சன் வந்தான். தோளில் புது முகக்கவசம். பொருள் கட்டும் பிரிவில் இருக்க வேண்டியவன் இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டாள். மேனேஜரிடம் பச்சையைக் காட்டி, பழைய இடத்தையே கேட்டு வாங்கிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறுச்சாமி வாயைத் திறக்காமலே ஒரு பெயரை அவளிடம் சொல்லியிருக்கிறார். இந்தப் பையனை எதற்கு மாற்றினார் என்பதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

“ரஞ்சன், உள்ள போகாதே” என்று அவன் கையைப் பிடித்தாள். “ஆறுச்சாமி உன்னைப் பிடிக்காம மாத்தலை. உன் பேரு சிவப்புல இருந்துச்சு. அதனாலதான் மாத்தினாரு. நான் உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், இப்பவே வா.”

ரஞ்சன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். பெரிய மேடம், கையை வேறு பிடித்திருக்கிறாள். மரியாதை குறையாமல் விலகிக்கொண்டான்.

“நீங்க பார்த்தீங்களா மேடம், சிவப்பு?”

“நான் பாக்கலை.”

“அவர் சொன்னாரா?”

சொல்ல வந்தவரைத் தடுத்தவள் எதைச் சொல்வது.

“அவர் ஜெயில்ல இருக்காரு மேடம். சின்னராசு அண்ணனைச் சாகவிட்டவரு. அவரு பண்ணினது எனக்கு நல்லதுக்கா?” அவன் கைப்பேசியை எடுத்து அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். அவன் பெயர், படம், பளிச்சென்ற பச்சை. “இதைப் பாருங்க. ஊருக்கு அனுப்பிட்டேன், அம்மா பார்த்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாங்களாம்.”

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு, முகக்கவசத்தை மாட்டி, அதன் பட்டையைப் பின்னந்தலையில் இழுத்துச் சரிசெய்தான். பிறகு இன்னொரு முறை வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனான். சக்கரங்கள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. கோகிலவாணி அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.